பெயரில்லாத படங்கள்

தைப்பூச நாளன்று பத்துமலை அடிவாரத்தில் காவடிகள் மிகுதியா, படக்கருவிகள் மிகுதியா என்று எவரேனும் எண்ணத் தொடங்கினால் திணறித்தான் போவார். ஆற்றில் நீராடி அலகேற்றி வரும் இளைஞன் ஒருவனைச் சூழ்ந்து உறவினர் பத்துப் பேர் வேல் முழக்கம் செய்கின்றனர் என்றால், அவ்வுறவினரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு இருபது பேர் படம் பிடிக்கின்றனர். நாவில் ஏறிய வேலுக்கு ஓரடித் தொலைவில் கருவி நீள்கிறது; முதுகில் கொக்கி இழுக்கும் தோலுக்கு இன்னும் அருகில் நீள்கிறது. மறுநாள் அப்படம் எங்கோ ஒரு நாட்டின் செய்தித்தாளில் வெளிவருகிறது. கீழே ஒரே வரி: கோலாலம்பூர் அருகே ஓர் இந்து பக்தர். அவ்வளவே. அவன் எந்தத் தோட்டத்தில் பிறந்தவன், எந்தத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறான், யாருடைய நோய் தீர வேண்டி அந்த நேர்த்திக்கடனைச் சுமந்தான் என்று நின்று கேட்ட படக்காரர் அரியர்.

இதனைச் சுட்டிக் காட்டினால் சினங்கொள்வோர் தமிழரிடையே பலர் உளர். “உலகமே வந்து பார்க்கிறது; இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?” என்பது அவர்தம் வாதம். பெருமைதான். தம்புசாமிப் பிள்ளை நிறுவிய கோயிலில் 1892ஆம் ஆண்டு தொட்டுத் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. 2006ஆம் ஆண்டு 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது. 2018ஆம் ஆண்டு 272 படிகளுக்கும் வானவில்லைப் போல் வண்ணம் தீட்டப்பட்டது. தேசிய மரபுடைமைத் துறை தன்னிடம் அனுமதி பெறவில்லை என்று முணுமுணுத்தது. ஆனால் அதற்குள் அப்படிகளின் படம் கைப்பேசிகள் வழியாக உலகைச் சுற்றி வந்துவிட்டது. அன்று முதல் அப்படிகளில் ஏறி இறங்குவோரில் ஒரு பகுதியினர் முருகனைக் காண வருவதில்லை. தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ள வருகின்றனர். பால்குடம் ஏந்திய மூதாட்டி ஒருத்தி அவர்தம் படத்திற்குள் நுழைந்துவிட்டால், அவள் நகரும் வரை முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருக்கின்றனர். தன் கோயிலின் படியில் தானே இடையூறாகிப் போன அம்மூதாட்டியை எண்ணிப் பார்ப்போர்க்கு அந்தப் பெருமை சற்றே கசக்கத்தான் செய்யும்.

ஆண்டில் ஒரு நாளின் கோலத்தை உலகம் அறிந்து கொள்கிறது. எஞ்சிய நாள்களில் இவ்வினம் என்ன செய்தது, எதை உண்டது, எங்கே உறங்கியது, எவ்வேளையில் எழுந்தது என்பதற்குப் படம் இல்லை. படத்தில் இல்லாதது பாடநூலில் இடம்பெறுவதில்லை. பாடநூலில் இடம்பெறாதது நாளடைவில் நடவாததாகவே கருதப்படும். மலேசியத் தமிழர் இன்று அஞ்ச வேண்டியது இதற்கே.

இந்நாட்டில் தமிழரைப் படம் பிடிக்கும் வழக்கம் நேற்று வந்ததன்று. 1867ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற லம்பெர்ட் படநிலையமும் அதனைப் பின்பற்றிய பிறவும் மலாயாவின் மக்களை ‘வகை’களாகப் பிரித்து விற்பனை செய்தன. ‘கிளிங் பெண்’, ‘கிளிங் வியாபாரி’ என்று அச்சிட்ட அஞ்சலட்டைகள் கப்பலேறி ஐரோப்பிய இல்லங்களின் வரவேற்பறைகளைச் சென்றடைந்தன. வண்ணத்துப்பூச்சியை ஊசியால் குத்தி அட்டையில் பொருத்தி அதன் கீழே இனப்பெயர் எழுதி வைக்கும் பழக்கம் அக்காலத்துக் கனவான்களிடம் இருந்தது. அதே பழக்கம்தான் இது. மேடான் நகரிலிருந்து தொழில் நடத்திய கிளைங்குரோத் என்னும் ஜெர்மானியர் 1907ஆம் ஆண்டளவில் மலாயாத் தீபகற்பத்தைப் பற்றி வெளியிட்ட படத்தொகுப்பு கலைநயத்தில் குறைந்ததன்று. ஆங்கே இரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமும் அழகாகவே காட்சி தருகின்றன. மனிதரோ, மரத்தின் உயரத்தைக் காட்டுவதற்கு நிறுத்தி வைத்த அளவுகோல்களைப் போல் நிற்கின்றனர்.

1908ஆம் ஆண்டு ஆர்னால்டு ரைட் பதிப்பித்த பெருநூல் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் மலாயாவின் இருபதாம் நூற்றாண்டுத் தோற்றத்தை விளக்குவதாகச் சொல்லிக்கொண்ட நூல் அது. தோட்டங்களைப் பற்றிய அதன் பக்கங்களைப் புரட்டுவோர் நிலத்தின் ஏக்கர்க் கணக்கைக் காண்பர். உரிமையாளரின் பெயரையும் மேலாளரின் வாழ்க்கைக் குறிப்பையும் காண்பர். பங்களாவின் படத்தையும் காண்பர். அந்நிலத்தில் காட்டை அழித்தவரும், மலேரியாக் காய்ச்சலில் மாண்டவரும் ‘கூலிப்படை’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப் போயினர்.

வெள்ளையரை மட்டும் குறை கூறுவது எளிது. துரை மாற்றலாகிப் போகும் நாளில் தோட்ட அலுவலகத்தின் முன் எடுக்கப்பெற்ற பிரியாவிடைப் படங்கள் பழைய கிராணிமார் வீடுகளில் இன்றும் தொங்குவதுண்டு. நடுவில் மாலையுடன் துரை; அவருக்கு இருபுறமும் நாற்காலிகளில் பெரிய கிராணியும் மருந்தகத்து ‘டிரெசரும்’ பள்ளியாசிரியரும்; பின்னால் நின்ற நிலையில் கங்காணிமாரும் தண்டல்மாரும்; முன்னே தரையில் சம்மணமிட்டு ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகத் தொழிலாளர். கீழே பெயர் வரிசை அச்சிட்டிருக்கும். ‘அமர்ந்திருப்போர்’ என்று தொடங்கும் அவ்வரிசை நாற்காலிகளோடு முடிந்துவிடும். தரையில் அமர்ந்தோரும் அமர்ந்திருப்போரே அல்லரோ? அவ்வரிசையை எழுதிக் கொடுத்தவர் ஆங்கிலேயராக இருந்திருக்க வேண்டியதில்லை. தமிழறிந்த ஒருவரே தம்மினத்தாரின் பெயரை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தார்.

இந்த மறதியின் விலை யாது என்பதைக் கிள்ளான் வட்டாரத்தைக் காட்டிலும் தெளிவாகக் கூறவல்ல இடம் வேறில்லை. 1941ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கி மே வரையில் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளைப் படிப்போர் வியப்படைவர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், பெண்களிடம் மேலதிகாரிகள் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பன வேறு சில. இவற்றோடு இன்னொன்று: மேலாளரையோ அலுவலரையோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

மிதிவண்டி! இருசக்கரத்தில் ஏறியமர்ந்து, இறங்காமல், தன்னைக் கடந்து செல்லும் துரையை நிமிர்ந்து பார்த்தபடி ஒருவன் செல்வதற்காக அன்று கிள்ளானில் மக்கள் வேலையை நிறுத்தினர். காந்தி குல்லாய் அணிந்ததும் குற்றமாகப் பார்க்கப்பட்டது. மே திங்களில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி மக்கள் திரண்டபோது படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கி வெடித்தது; தொழிலாளர் மாண்டனர்; சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. வரவழைக்கப்பட்ட படையினருள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது அக்கொடுமைக்குள் ஒரு கொடுமை.

வேறொரு நாடாயின் அந்த மிதிவண்டி அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நின்றிருக்கும். அதில் அமர்ந்து சென்ற ஒருவனின் படம் தபால்தலையாக வந்திருக்கும். இங்கோ, அவ்வேலைநிறுத்தத்தில் நின்ற ஒரு சாதாரணத் தொழிலாளியின் முகத்தை எத்தனை தமிழ் வீட்டுச் சுவர்களில் காண இயலும்? திரைப்பட நடிகரின் முகம் உண்டு. அரசியல் தலைவர்க்கு மாலையிடும் முகம் உண்டு. தன் பாட்டனை மிதிவண்டியிலிருந்து இறங்காமல் இருக்கச் செய்தவனின் முகம் இல்லை.

தோட்டத் தொழிலாளருள் மிகப் பலர்க்கு வாழ்வில் முதன்முதலாக எடுக்கப்பெற்ற படம் யாது என்று கேட்டால் விடை இன்னும் கசப்பானது. அது திருமணப் படமன்று. அடையாள அட்டைப் படம். 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், பன்னிரண்டு அகவைக்கு மேற்பட்டோர் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. படக்காரரும் எழுத்தரும் காவலருமாகக் குழுக்கள் ஊரூராகவும் தோட்டந்தோட்டமாகவும் சென்றன. கட்டைவிரல் ரேகையும் நேர்முகப் படமும் எடுக்கப்பட்டன. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகள் அப்பதிவு தங்களுக்குக் கண்ணி என்பதை உணர்ந்து அட்டைகளைப் பறித்து அழித்தனர். பதிவுக் குழுவினர் தாக்குதலுக்கு உள்ளாயினர். ஒரு பக்கம் அட்டை இல்லையென்றால் கைது. மறுபக்கம் அட்டை இருந்தால் மிரட்டல். இரண்டுக்கும் நடுவே, எண்ணெய் தடவி வாரிய தலையுடன், கண்ணைச் சிமிட்டாமல், அச்சத்தோடு கருவியைப் பார்த்தபடி நின்ற முகங்கள் அவை. ஆட்களை அறிந்து கொள்வதற்காகவன்று, ஆட்களைக் கண்காணிப்பதற்காகவே அப்படங்கள் எடுக்கப்பட்டன. எனினும், எத்தனையோ குடும்பங்களில் பாட்டியின் முகமாக இன்று எஞ்சியிருப்பது அந்த ஒரு சிறு படமே; மாலையிட்டுப் பூசைமாடத்தில் வைப்பதற்காக அதையே பெரிதாக்கிக் கொண்டனர்.

பின்னர் அவ்வட்டையின் நிறமே விதியாயிற்று. நீல அட்டை குடிமகனுக்கு. சிவப்பு அட்டை குடியுரிமை இல்லாதவனுக்கு. 1968ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை அற்றோர் வேலை உரிமம் பெற வேண்டியிருந்தது. பெற இயலாத பல்லாயிரவர் தாம் பார்த்தறியாத ஊர்களுக்குக் கப்பலேறினர். புறப்படுமுன் கிள்ளான், கோலாலம்பூர்ப் படநிலையங்களில் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டோர் உண்டு. வரையப்பட்ட மாடிப்படியும் பூந்தொட்டியும் பின்னணியாக, ஒருவேளை இரவல் வாங்கிய கைக்கடிகாரத்தோடு எடுக்கப்பெற்ற அப்படம், போனவர்க்கு ஒரு படியும் இருந்தவர்க்கு ஒரு படியுமாகப் பிரிந்தது.

புதிதாக எழுந்த நாடு ஒவ்வொன்றும் தன்னைத் தனக்கே காட்டிக்கொள்ளப் படம் தேடுகிறது. புரட்சியால் எழுந்த நாட்டிற்கும் பேச்சுவார்த்தையால் எழுந்த நாட்டிற்கும் இதில் வேறுபாடில்லை. மலாயா 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் விடுதலை பெற்றது. மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் கையுயர்த்தி முழங்கிய காட்சி அந்நாட்டின் முதற் படமாயிற்று. அது தக்கதே. அதே 1957ஆம் ஆண்டில் வேறொரு படமும் உலகத் திரைகளில் ஓடியது. சயாம்–பர்மா இரயில்பாதையைக் கதையாகக் கொண்டு டேவிட் லீன் இயக்கிய ஆங்கிலத் திரைப்படம் அது. இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்டது. ஜப்பானியர் 1942இலும் 1943இலும் அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை அள்ளிச் சென்றனர். பல்லாயிரவர் வாந்திபேதியிலும் பட்டினியிலும் மாண்டனர். திரையில் சீழ்க்கையடித்து நடைபோட்டோர் வெள்ளைப் போர்க்கைதிகளே. அத்திரைப்படத்தின் புகழால் காஞ்சனபுரி சுற்றுலாத் தலமாயிற்று. போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் புல்வெளிக்கு நடுவே பெயர் பொறித்த பலகைகள் வரிசையாக உள்ளன. அவற்றையும் பாலத்தையும் பயணிகள் படம் எடுத்துச் செல்கின்றனர். தமிழருள் மிகப் பெரும்பாலோர்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்கள் வாராதிருந்தால் இளந்தலைமுறைக்கு அச்செய்தியே எட்டியிராது. எழுத்தாளர் தம் கடனை ஓரளவேனும் ஆற்றினர். படக்கருவி பிடித்தோர் இன்னும் ஆற்றவில்லை.

சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1972ஆம் ஆண்டு தோன்றியபின், மலேசியாவின் முகம் விற்பனைப் பொருளாயிற்று. 1990ஆம் ஆண்டு ‘மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு’ என்று கொண்டாடப்பட்டது. 1999ஆம் ஆண்டு தொடங்கிய ‘மலேசியா உண்மையான ஆசியா’ என்னும் விளம்பரம் உலகெங்கும் ஒட்டப்பட்டது. இவ்வகை விளம்பரங்களில் இனத்திற்கொருத்தியாகப் பெண்கள் வரிசையில் நின்று புன்னகை புரிவர். தமிழ்ப் பெண்ணுக்கு என்றும் ஒரே வேடம்: பட்டுச் சேலை, நெற்றிச் சுட்டி, சிலவேளை பரதநாட்டிய முத்திரை. காலை ஐந்து மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பனியில் பால்மரக் காட்டிற்குள் நுழைந்தவளின் பெயர்த்தி அவள். அவ்விளக்கிற்கு விளம்பரத்தில் இடமில்லை. விருந்தினரை வரவேற்கும் அரசாங்கம் தன் வறுமையை வாசலில் வைக்காது, அது இயல்பு. அவ்வேடத்தைத் தம் முழு முகமாக நம்பத் தொடங்கிவிட்ட தமிழரே இங்கு வினவப்பட வேண்டியவர்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அவ்விடம் இரயில்வே தொழிலாளரின் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும், தமிழகத்திலிருந்து வந்த தண்டவாளக் கூலிகளும், பட்டறைத் தொழிலாளரும் ஒரே ஊதுகுழல் ஓசைக்கு விழித்தெழுந்த ஊர் அது. பழைய இரயில் நிலப்பரப்பில் 2001ஆம் ஆண்டு கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் அப்பகுதியை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்து வைத்தனர். வளைவுகள் வந்தன, வண்ணங்கள் வந்தன, யானைகள் சூழ்ந்த நீரூற்று வந்தது. 2015ஆம் ஆண்டு நவம்பரில் பிரதமர் மோடி ‘தோரண வாயில்’ ஒன்றைத் திறந்து வைத்தார். சாஞ்சித் தூபியின் வாயிலை ஒத்தது அது. சாஞ்சி உயர்ந்த கலை என்பதில் ஐயமில்லை. ஆயினும், மாவிலைத் தோரணம் கட்டி வாழ்ந்த தமிழர் தெருவுக்கு மத்திய இந்தியாவின் பௌத்தத் தோரணம் எதற்கு என்று அன்று கேட்டோர் எத்தனை பேர்? தண்டவாளம் பதித்தவனுக்கு அங்கே ஓர் ஆளுயரப் படமேனும் வைத்திருக்கலாகாதா? பயணி இன்று அவ்வாயிலைப் படம் எடுக்கிறான். அதன் அருகே பூக்கட்டும் பெண்ணையும் எடுக்கிறான். பூக்கட்டும் பெண்ணின் தாத்தா எந்த இரயிலுக்குக் கரி அள்ளினார் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் தமிழனாயினும் தெரியாது.

இனி, எதிர்வாதம் ஒன்றைக் காண்போம். அது பயணிகளிடமிருந்து எழுவதன்று. தோட்டத்தில் பிறந்து, படித்து, பட்டணத்தில் குடியேறிவிட்ட தமிழரிடமிருந்து எழுவது. “லயத்து வீட்டையும், தகரக் கூரையையும், கள்ளுக்கடையையும் ஏன் இன்னமும் காட்ட வேண்டும்? பிறர் ஏளனம் செய்வர், பிள்ளைகள் நாணுவர். முன்னேறியவர்களைக் காட்டுங்கள், மருத்துவரையும் வழக்கறிஞரையும் காட்டுங்கள்” என்கின்றனர். அவர்தம் நெஞ்சில் உள்ள காயம் மெய்யானது. ‘எஸ்டேட்காரன்’ என்ற சொல்லைப் பள்ளியில் வசையாகக் கேட்டு வளர்ந்தவர்க்கு அத்தகரக் கூரை இனிக்க நியாயமில்லை. வறுமையை விரும்பிச் சென்று படம் பிடித்துப் பரிசு வாங்கும் கலைஞர்களும் இல்லாமலில்லை. கிழவியின் சுருக்கம் விழுந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, அவளுடைய கூலிச் சீட்டைக் காட்டாத படம், அலகு குத்திய நாவைக் காட்டும் படத்திற்கு எவ்வகையிலும் மேலானதன்று.

ஆனால் நாணத்தின் காரணமாகச் சான்றை அழிப்பவன் தன் வழக்கில் தானே தோற்பவன். 2007ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் கிள்ளானுக்கு அருகே பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அடுத்த திங்களிலேயே ஆயிரமாயிரம் இந்தியர் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்டனர். கோயில்கள் உடைபடும் போதெல்லாம் எழுகின்ற பூசல் ஒன்றே: ‘அனுமதியின்றி எழுந்தது’ என்கிறது ஒரு தரப்பு, ‘தலைமுறை தலைமுறையாய் இருந்தது’ என்கிறது மறு தரப்பு. தோட்டக் கோயில்கள் பட்டா வாங்கிக்கொண்டு எழுந்தவையல்ல. துரையின் வாய்ச்சொல்லால் எழுந்தவை. துரை போனார், தோட்டம் கைமாறியது, வாய்ச்சொல் காற்றில் கலந்தது. அந்நிலையில் 1930களிலோ 1950களிலோ எடுக்கப்பெற்ற ஒரு தீமிதிப் படம், பின்னணியில் கோபுரமும் தோட்டப் பலகையும் தெரிய, கீழே ஆண்டும் பெயரும் எழுதியிருந்தால், அதன் மதிப்பு யாது? வீட்டுரிமை கோரி நிற்கும் நாளிலும், பள்ளியை இடம்பெயர்க்காதே என்று மன்றாடும் நாளிலும் இதே கேள்வி எழுகிறது. இவ்வளவு காலம் இங்கிருந்தோம் என்பதற்கு என்ன சான்று? கண்ணீரைச் சான்றாக எவரும் ஏற்பதில்லை.

நாணம் வறுமையோடு நில்லாமல் தொழில் திறனையும் சேர்த்து மறைத்துவிட்டது என்பதே இதில் பேரிழப்பு. பால் வெட்டுதல் எளிய வேலையென்று அறியாதார் நினைப்பர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தலைவிளக்கின் ஒளியில் நிரை பிடித்து, மரத்தின் பட்டையை மெல்லிய நாடாவாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வாராது. கூடினால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், தண்டலின் ஏச்சும் விழும். வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் விரைவில் நின்றுவிடும். பின்னர் மங்குகளிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து காண்டாவில் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பால் கொட்டகைக்கும். அங்கே நிறுவை. அந்நிறுவையில்தான் எத்தனை பூசல்கள், எத்தனை பெருமூச்சுகள்! பெண்ணொருத்தி இதனை முடித்துவிட்டு, ஆயாக்கொட்டகையில் விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்திற்குத் திரும்பி உலை வைப்பாள். இந்நிகழ்ச்சி நிரலின் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு படம் எடுத்து, வெட்டியவள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்த தமிழர் அமைப்பு எது? ஆண்டுவிழாவில் தலைவர்க்குப் பொன்னாடை போர்த்தும் படங்களோ ஒவ்வோர் அமைப்பிலும் பெட்டி பெட்டியாக உள்ளன.

புரட்சி நடந்த நாடொன்றில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் நினைவுகூரலாம். மத்திய அமெரிக்காவிலுள்ள நிகரகுவாவில் 1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சொமோசாவின் கொடுங்கோல் வீழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முதலே சூசன் மைசலஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி அங்கு தங்கிப் படம் எடுத்தார். சொமோசா நாட்டைவிட்டு ஓடுவதற்கு முதல்நாள், எஸ்தெலி நகரில், தீப்பற்றிய புட்டியை வீசும் இளைஞன் ஒருவனை அவர் எடுத்த படம் அப்புரட்சியின் சின்னமாயிற்று. சுவரொட்டியிலும் சட்டையிலும் தீப்பெட்டியிலும் அது ஏறியது. இங்குவரை அது பத்துமலைக் கதையே: வெளிநாட்டார் எடுத்தார், உலகம் பார்த்தது, முகம் பொருளாயிற்று. ஆனால் அப்பெண்மணி அத்துடன் நிற்கவில்லை. 1981ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட தம் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு பத்தாண்டு கழித்து அந்நாட்டிற்கே திரும்பினார். படத்தில் உள்ளவர்களைத் தேடிப்பிடித்து, பெயர் கேட்டு, ‘புரட்சி உங்களுக்கு என்ன செய்தது?’ என்று வினவி அதனை ஒரு திரைப்படமாகவும் ஆக்கினார். புட்டி வீசியவனுக்குப் பப்லோ அராவுஸ் என்ற பெயர் கிடைத்தது. 2004ஆம் ஆண்டு அப்படங்களைச் சுவரளவு பெரிதாக்கி, எடுக்கப்பெற்ற அதே இடங்களில் கொண்டுபோய் நிறுத்தினார். அவ்வூர்ப் பிள்ளைகள் தம் தெருவில் நடந்ததைத் தம் தெருவிலேயே நின்று கண்டனர். அயலாள் ஒருத்தி அயல்நாட்டில் செய்தது அது. பத்துமலையில் ஆண்டுதோறும் படமெடுத்துச் செல்வோருள் ஒருவரேனும், படத்தைக் கையில் ஏந்தி, அந்த அலகு குத்திய இளைஞனின் வீடு எங்கே என்று மறு ஆண்டு வந்து கேட்டிருந்தால் அவரை இத்தமிழ்ச் சமுதாயம் தலைமேல் வைத்துக் கொண்டாடலாம். அயலார் கேளாவிடில் போகட்டும். தமிழர் கேட்டனரா?

“இப்போது ஒவ்வொருவர் கையிலும் கருவி உள்ளதே, இனி எதுவும் மறையாது” என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. அக்கருவிகளில் நிறைந்திருப்பவை யாவை? உணவகத்துத் தட்டு; பிறந்தநாள் அணிச்சல்; முகத்தை மெருகேற்றித் தானே எடுத்த தன் படம். கைப்பேசி பழுதானால் அவையும் போயின. பழைய படங்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. 1970களிலும் 1980களிலும் வாங்கிய ஒட்டும் தாள் ஆல்பங்களில் அவை பசையோடு பசையாகிவிட்டன. பிய்த்தெடுத்தால் முகம் தாளில் தங்கிவிடுகிறது. எஞ்சியவற்றைப் பூஞ்சைக்காளானும் கரையானும் தின்கின்றன. வீடு மாறும்போது குப்பையில் விழுவன ஒருபுறம். தேசிய ஆவணக் காப்பகம் 1957ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. தனியார் தொகுப்புகளையும் அது ஏற்கிறது. அதன் வாயிலைத் தோட்டப் படத்தோடு மிதித்த தமிழரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கிள்ளானிலிருந்து வடக்கே மேருவை நோக்கிச் செல்வோர்க்கு இன்று தென்படுவன வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் கடைவரிசைகளும். மேருப் பட்டணத்தை அடுத்துப் பரந்து கிடந்த நார்த் ஹம்மொக் தோட்டத்தின் நிலத்தில் 2004ஆம் ஆண்டு முதல் செத்தியா ஆலாம் என்னும் நகரம் எழுந்தது. 2012ஆம் ஆண்டு அங்கே பெரிய வணிக வளாகமும் திறக்கப்பட்டது. ஷா ஆலாமும் சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல் எழுந்த நகரமே. நாட்டின் நிருவாகத் தலைநகரான புத்ராஜெயாவும் பிராங் பெசார் தோட்டத்தின் மேல் எழுந்ததே. வளர்ச்சியை வேண்டாவென்று எவரும் கூறவில்லை. வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, தோட்டத்தில் பிறந்த முதியவர் ஒருவர், “இங்குதான் மேட்டு லயம், அதோ அந்த மூலையில் கிணறு, மின்தூக்கி இருக்குமிடத்தில் பிரட்டுக்களம்” என்று கைநீட்டிக் காட்டினால், உடன்வந்த பெயரன் தலையை மட்டும் ஆட்டுவான். அவன் கண்ணுக்குத் தெரிவது கற்காரைத் தரை. முதியவர் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவர் சொல்வது இன்னதென்று தெரியாது.

அம்முதியவரின் வீட்டு அலமாரியில், பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில், துணியில் சுற்றிய நிலையில் ஏழெட்டுப் படங்கள் இருக்கக்கூடும். ஒன்றில் தீமிதி, ஒன்றில் காற்பந்துக் குழு, ஒன்றில் துரையின் பிரியாவிடை. தரையில் அமர்ந்திருப்போரில் மூன்றாவது பெண் தன் தாய் என்று அவர் சொல்வார். நான்காவது பெண் யார் என்று அடுத்து கேட்க வேண்டும். அவருக்குத் தெரியும், அவள் புருசன் பெயரும், அவள் எந்த நிரையில் வெட்டினாள் என்பதும், எந்த ஆண்டில் கப்பலேறிப் போனாள் என்பதும்கூடத் தெரியும். படத்தின் பின்புறம் வெறுமையாகத்தான் இருக்கிறது. மையால் எழுதினால் ஊறி முன்பக்கம் தெரியும், பென்சிலால் எழுதலாம்.